ஒரு முறை இல்ல, இரண்டு முறை காலியான ஊர்... இன்று யுனெஸ்கோ பட்டியலில்! செக் நாட்டின் ஹொலஷோவிட்சே கதை தெரியுமா?

ஐரோப்பா சுற்றுலா ரீல்ஸில் இந்த ஊரை நீங்கள் பார்த்திருக்கலாம். நடுவில் பச்சைப் புல்வெளி, ஒரு சின்னக் குளம். சுற்றிலும் வெள்ளை, மஞ்சள், இளம்பச்சை நிறங்களில் பொம்மை வீடுகள் போல வரிசையாக நிற்கும் பண்ணை வீடுகள். மொத்தமே சுமார் 140 பேர்தான் வசிக்கிறார்கள். ஆனால் 1998-லேயே உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்துவிட்டது.

இவ்வளவு சின்ன ஊரில் அப்படி என்னதான் இருக்கு?

எங்கே இருக்கிறது?

செக் குடியரசின் தெற்குப் பகுதியான தெற்கு பொஹீமியாவில் இருக்கிறது ஹொலஷோவிட்சே. பக்கத்துப் பெரிய நகரம் செஸ்கே புத்யேயோவிட்சே. ஜெர்மன் மொழியில் இதற்கு புட்வைஸ் என்று பெயர். ஆமாங்க, பட்வைசர் பியருக்குப் பெயர் வந்தது இந்த நகரத்திலிருந்துதான். அங்கிருந்து மேற்கே 15 கி.மீ. தாண்டினால் நம்ம ஊர் வந்துவிடும். தனி ஊராட்சி கூட கிடையாது, யான்கோவ் என்ற ஊராட்சியில் அடங்கிய ஒரு பகுதி.

இந்த வட்டாரம் பெரும்பாலும் சமவெளி. மீன் வளர்ப்புக் குளங்கள் நிறைய. வயல்தான் பிழைப்பு. ஊரின் அமைப்பும் அதற்கு ஏற்றபடிதான் இருக்கிறது. நடுவிலுள்ள பொதுத் திடல் சுமார் 210 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். எல்லா வீடுகளும் முகப்பை இந்தத் திடலைப் பார்த்தபடி வைத்திருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் முற்றம், தொழுவம், தானியக் களஞ்சியம். அதற்கும் பின்னால் நீளமாகப் போகும் தோட்டமும் வயலும். இது நடுக்காலத்தில் போட்ட மனை அளவு. இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

முதல் முறை: கொள்ளை நோய்

ஊரின் பெயர் ஆவணத்தில் முதலில் வருவது 1263-ல். 1292-ல் பொஹீமிய மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ், இந்த ஊரை விஷ்ஷீ ப்ரோத் மடத்துக்குத் தானமாகக் கொடுத்தார். அடுத்த ஐந்தரை நூற்றாண்டுகளுக்கு, 1848 வரைக்கும், மடம்தான் இந்த ஊருக்கு எஜமான்.

1520 முதல் 1525 வரை கொள்ளை நோய் தாக்கியது. பிழைத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே பேர்!

நிலம் இருக்கு, உழ ஆள் இல்லை. வரி வரவேண்டுமே! பவேரியா, ஆஸ்திரியா பகுதிகளிலிருந்து ஜெர்மன் மொழி பேசும் குடும்பங்களை மடம் கொண்டுவந்து குடியேற்றியது. செக் ஊர் இப்படித்தான் ஜெர்மன் பேசும் ஊரானது. 1895 கணக்குப்படி இங்கே ஜெர்மானியர்கள் 157 பேர், செக் மக்கள் வெறும் 19 பேர்.

இன்று நாம் ரசிக்கும் வீடுகள் 18, 19-ம் நூற்றாண்டுகளில், இவர்கள் காலத்தில் எழுந்தவை. நகரத்து மாளிகைகளிலும் தேவாலயங்களிலும் பார்த்த பரோக் பாணி வளைவுகளை, கிராமத்துக் கொத்தனார்கள் விவசாயி வீட்டு முகப்பில் சுண்ணாம்புப் பூச்சில் கொண்டுவந்தார்கள். இதற்கு 'நாட்டுப்புற பரோக்' என்று பெயர். திடலில் நிற்கும் நெபோமுக் புனித யோவான் சிற்றாலயம் 1755-ல் கட்டப்பட்டது.

இரண்டாம் முறை: போருக்குப் பிறகு

நாஜி ஆக்கிரமிப்பில் செக் மக்கள் பட்ட கொடுமைகள் கொஞ்சநஞ்சமல்ல. 1945-ல் போர் முடிந்ததும் கோபம் முழுவதும் உள்நாட்டு ஜெர்மானியர்கள் மீது திரும்பியது. சுமார் 30 லட்சம் பேர் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். குற்றம் செய்தவர், செய்யாதவர் என்று பெரிதாகப் பிரித்துப் பார்க்கவில்லை. வீடு, நிலம், மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையில் தூக்க முடிந்ததோடு கிளம்ப வேண்டியதுதான்.

ஹொலஷோவிட்சேயின் ஜெர்மன் குடும்பங்களும் அப்படித்தான் போயின. 400 வருஷத்துக்கு மேல் வாழ்ந்த ஊர்! கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் பல பண்ணை வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன.

இங்கேதான் ட்விஸ்ட். ஆள் இருந்த ஊர்களில் என்ன நடந்தது? பழைய முகப்பை இடித்தார்கள், பெரிய ஜன்னல் வைத்தார்கள், கான்கிரீட் கட்டினார்கள். இங்கே இடித்துக் கட்ட ஆளும் இல்லை, பணமும் இல்லை. கூரை ஒழுகியது, சுவர் பூச்சு உதிர்ந்தது, ஆனால் வீடுகள் அப்படியே நின்றன. சுற்றுலா வீடியோக்கள் 'காலம் உறைந்த கிராமம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. அது ஏன் உறைந்தது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

இப்போது எப்படி இருக்கிறது?

1990-க்குப் பிறகு வீடுகள் ஒவ்வொன்றாகப் பழுதுபார்க்கப்பட்டன, மக்கள் மீண்டும் குடியேறினார்கள். திடலைச் சுற்றியுள்ள வீடுகளில் இன்று குடும்பங்கள் வசிக்கின்றன. அதனால் போனால் ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள், அது மியூசியம் இல்லை. ஜூலை மாதக் கடைசியில் நடக்கும் கிராமத் திருவிழாவின்போது மட்டும் திடல் முழுக்கக் கைவினைக் கடைகளும் கூட்டமும்தான்.

ஊருக்கு வெளியே பெரிய பெரிய கற்களை வட்டமாக நட்டு வைத்திருப்பார்கள், ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரியே இருக்கும். பழங்காலச் சின்னம் என்று நம்பிவிட வேண்டாம். அது இந்த நூற்றாண்டில் வைத்தது!