பூவோடு சேர்ந்த நார்



கம்பியில் மின்சாரம் பாயும்போது கம்பி சூடேறுவதை நீங்கள் அறிவீர்கள். மின்னணுக்கள் செல்லும் வழியில் இடறுண்டு, தம் ஆற்றலை வெப்பமாக இழக்கின்றன. இதனையே மின்தடை என்கிறோம். 1911ஆம் ஆண்டில், ஆலந்து நாட்டு லைடன் நகரில், காமர்லிங் ஆனஸ் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில், பாதரசத்தை ஏறக்குறைய மைனஸ் 269 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை அறவே மறைந்தது. இப்பண்பே மீகடத்தல். இதன் காரணத்தை 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்னும் மூவர் விளக்கினர். கடுங்குளிரில் மின்னணுக்கள் இரண்டிரண்டாக இணைகின்றன. அவ்விணைகள் யாவும், கோலாட்டம் ஆடுவோர் ஒரே தாளத்திற்கு அடியெடுத்து வைப்பதுபோல, ஒத்தியங்குகின்றன. தனியே இடறுவதற்கு அங்கே இடமில்லை.

இனி, அதனினும் வியப்பான ஒன்றைக் காண்போம். இண்டியம் ஆர்சனைடு என்பது ஒரு குறைகடத்தி, தன்னியல்பில் மீகடத்தியன்று. அதனைத் தலைமயிரினும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மெல்லிய கம்பியாக வளர்க்கலாம். அக்கம்பியின் இரு புறமும் அலுமினியத்தைப் பொருத்தி, அலுமினியம் மீகடத்தியாகும் அளவிற்கு, அதாவது மைனஸ் 272 பாகைக்கும் கீழே, குளிர்வித்தால் என்ன நிகழும்? பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பர் அன்றோ? அலுமினியத்திலுள்ள இணைகளின் ஒழுங்கு குறைகடத்திக்குள்ளும் சிறிது தொலைவு பரவுகிறது. இடைப்பட்ட கம்பி குறுகியதாயின், தடையற்ற மின்னோட்டம் அதனூடே கடந்து செல்கிறது. இதற்கு அண்மை விளைவு என்று பெயர்.

அலுமினியக் கம்பியே போதாதா, குறைகடத்தி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உலோகத்தில் மின்னணுக்கள் மிகுதி. குறைகடத்தியிலோ மிகக் குறைவு. ஆதலின், அருகே ஒரு மின்வாயை அமைத்து அதன் மின்னழுத்தத்தை மாற்றினால், மின்னணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். உழவர் மடையைத் திறந்து மூடுவதுபோல, தடையற்ற மின்னோட்டத்தையே நாம் ஆளலாம். 2005இல் டெல்ஃப்ட் நகர ஆய்வாளர்கள் இதனைச் செய்து காட்டினர். 2015இல் அங்கும் கோபன்ஹேகனிலும், இத்தகைய கம்பிகளைக் கொண்டு குவாண்டம் கணினிக்குரிய அடிப்படை உறுப்புகளை அமைத்தனர்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் உண்டு. தனக்குத்தானே எதிர்த்துகளாக விளங்கும் துகள் இருக்கக்கூடும் என்று 1937இல் மயோரனா என்னும் இத்தாலிய அறிஞர் எழுதினார். அதனையொத்த நிலை இக்கம்பிகளின் முனைகளில் தோன்றலாம் என்பது கோட்பாட்டாளர் கருத்து. 2012இல் டெல்ஃப்டில் அதன் சாயல் தென்பட்டது. 2018இல் வலுவான சான்று கிடைத்ததாக 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆயின், அதே குழுவில் முன்னர்ப் பணியாற்றிய இருவர் மூல அளவீடுகளைக் கேட்டுப் பெற்று ஆராய்ந்தபோது, அவை முழுமையாகக் காட்டப்படவில்லை என்பது புலனாயிற்று. 2021இல் கட்டுரையாளர்களே அதனைத் திரும்பப் பெற்றனர். கம்பியிலுள்ள குறைபாடுகளும் அதே சாயலைத் தோற்றுவிக்கக் கூடும் என்பதை இன்று அறிஞர் உணர்ந்துள்ளனர்.

பல்லாண்டுகள் செய்முறை வகுப்புகளை நடத்தியவன் நான். வரைபடத்தில் கோட்டை விட்டு விலகி விழும் புள்ளியை மெல்ல அழித்துவிடும் மாணவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களிடம் கூறியதையே உங்களிடமும் கூறுகிறேன்: அப்புள்ளியை அழிக்காதீர்கள்; அது ஏன் அங்கே விழுந்தது என்று கேளுங்கள்.