அலைவரிசை அறிவோம் – 9: எதிரொலிகளைத் துணைக்கு அழைத்தவர்கள்

மொன்ட்ரியால் தீவின் வடக்கே, பிரெரி ஆற்றை ஒட்டி இருக்கிறது மொன்ட்ரியால்-நோர். ஓன்றி-பூராஸா வீதியின் இருபுறமும் உள்ள தெருக்களில் இரண்டு மாடி, மூன்று மாடிச் செங்கல் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. முகப்பில் இரும்புப் படிக்கட்டுகள். பல வீடுகளில் தரைமட்டத்துக்குப் பாதி கீழே இறங்கிய குடியிருப்பும் உண்டு. வாடகை குறைவு என்பதால் புதிதாக வந்து சேர்ந்த குடும்பங்கள் பெரும்பாலும் அங்கேதான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. ஹெயிட்டியிலிருந்து வந்தவர்கள், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று பல நாட்டு மக்கள் வாழும் பகுதி இது. அவர்களுக்கு ஊரில் இருக்கும் தாயின் குரலும், வேலை தரப்போகிறவரின் அழைப்பும், ஆபத்தில் 911-ம் ஒரே கைப்பேசிக்குள் அடங்கியிருக்கின்றன.

அந்தக் கைப்பேசி சமையலறை மேசையில் தெளிவாகப் பேசுகிறது. ஓர் அடி நகர்த்தினால் குரல் நறுக்கு நறுக்காக உடைகிறது. கோபுரம் அப்படியே இருக்கிறது, சுவரும் அப்படியே இருக்கிறது. ஓர் அடிக்குள் என்ன மாறியது? கோபுரத்திலிருந்து அலை எப்படிப் புறப்படுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். வழியில் அதற்கு நேரும் இரண்டு கேடுகளையும், அவற்றை மனிதர்கள் வென்ற விதத்தையும் இந்த வாரம் பார்ப்போம்.

இரைச்சலும் மங்கலும்

முதல் கேடு இரைச்சல். 1928-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் என்பவர் இதை அளந்தார். அவருடைய சகா நைக்விஸ்ட் காரணத்தை விளக்கினார். எந்தப் பொருளிலும் வெப்பம் இருக்கும்வரை அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஓயாமல் துடிக்கும். அந்தத் துடிப்பே ஏற்பியில் ஒரு மெல்லிய மின் இரைச்சலாகச் சேர்கிறது. எவ்வளவு நல்ல கருவி செய்தாலும் இதை முழுதாக ஒழிக்க முடியாது. ஆனால் இது ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும் எதிரி; சிக்னல் அதைவிடப் போதிய அளவு உயர்ந்திருந்தால் சமாளித்துவிடலாம்.

இரண்டாவது கேடு மங்கல். இது இன்னும் கொடியது. கோபுரத்திலிருந்து வரும் அலை எதிர்வீட்டுச் செங்கல்லில் பட்டு ஒன்றாக, படிக்கட்டு இரும்பில் பட்டு ஒன்றாக, தெருவில் போகும் பேருந்தில் பட்டு ஒன்றாகப் பல பிரதிகளாக வந்து சேர்கிறது. கைப்பேசி அலைவரிசைகளில் ஒன்றான 1900 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். இரண்டு பிரதிகளின் பாதை 8 சென்டிமீட்டர் வேறுபட்டால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த இடத்தில் சிக்னல் நூற்றில் ஒரு பங்காக, சில வேளை ஆயிரத்தில் ஒரு பங்காகக்கூடச் சரியும். மேசையில் இருந்த கைப்பேசி ஓர் அடி நகர்ந்ததும் இப்படி ஒரு பள்ளத்தில்தான் விழுந்தது.

அப்படியானால் கோபுரத்தின் சக்தியைக் கூட்டினால் போதாதா? இங்கேதான் கணக்கு கசக்கிறது. இரைச்சல் மட்டும் இருக்கும் பாதையில் சக்தியைச் சிறிது கூட்டினாலே பிழைகள் மளமளவென்று மறைந்துவிடும். மங்கல் உள்ள பாதையில் சக்தியைப் பத்து மடங்கு கூட்டினாலும் பிழை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும். பள்ளத்தில் விழுந்த சிக்னலுக்கு உரத்த குரலால் பெரிய பயன் இல்லை.

ஒரே பாதையை நம்பாதே

கியூபெக் மண்ணுக்கும் இந்த மங்கலுக்கும் நூறாண்டுப் பழக்கம். கியூபெக்கில் 1866-ல் பிறந்த ரெஜினால்ட் பெஸ்ஸெண்டன், 1906-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக்கைத் தாண்டி இருவழிக் கம்பியில்லாத் தந்தி நடத்தினார். இரவில் கிடைத்த சிக்னல் பகலில் கிடைக்கவில்லை. குளிரில் கிடைத்தது கோடையில் கிடைக்கவில்லை.

1926 அக்டோபரில் மார்க்கோனியின் ‘பீம்’ என்ற சிற்றலைத் தந்திச் சேவை கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தொடங்கியது. மொன்ட்ரியாலைத் தலைமையிடமாகக் கொண்ட கனடிய மார்க்கோனி நிறுவனத்துக்காக டிரம்மண்ட்வில்லில் ஒலிபரப்பு நிலையமும் யாமாஷிஷில் ஏற்பு நிலையமும் எழுந்தன. அலையை நாலாபக்கமும் சிதறவிடாமல் ஒரே திசையில் குவித்ததால் சிக்னல் வலுத்தது. மற்ற திசைகளிலிருந்து வரும் இரைச்சலும் குறைந்தது. ஆனால் சிற்றலைகளை மேலிருந்து திருப்பி அனுப்பும் வான்மண்டல அடுக்கு ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். எனவே மங்கல் போகவில்லை.

விடை நியூயார்க் மாநிலத்தின் ரிவர்ஹெட்டில் கிடைத்தது. அங்கே ஆர்சிஏ நிறுவனப் பொறியாளர்களான ஹரால்ட் பெவரேஜும் ஹரால்ட் பீட்டர்சனும் ஒரே சிக்னலைத் தள்ளித் தள்ளி நட்ட ஆன்டெனாக்களில் வாங்கி ஒன்றுசேர்த்தார்கள். ஓர் ஆன்டெனாவில் சிக்னல் மங்கும் அதே கணத்தில் இன்னொன்றிலும் மங்குவது அரிது. அஞ்சல் நின்றுபோன காலத்தில் ஊருக்குச் செய்தி அனுப்புகிறவர், ஒரே செய்தியை வெவ்வேறு வழியில் போகும் இரண்டு பேரிடம் சொல்லி அனுப்புவது போன்ற ஏற்பாடு இது.

ஒரு பாதை ஆழமாக மங்குவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று சாராத இரண்டு பாதைகளும் சேர்ந்து மங்குவதற்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான். இப்போது சக்தியைப் பத்து மடங்கு கூட்டினால் பிழை நூற்றில் ஒரு பங்காகக் குறைகிறது. இன்றைய கைப்பேசிக்குள் இரண்டு, நான்கு என்று ஆன்டெனாக்கள் ஒளிந்திருப்பதன் காரணம் இதுவே.

பொள்ளாச்சி தந்த திருப்பம்

இதுவரை மங்கலிலிருந்து தப்பிப்பதே குறியாக இருந்தது. அந்தக் கேட்டையே ஆதாயமாக மாற்றியவர் ஒரு தமிழர். ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்தவர். பதினைந்து வயதில் தேசிய பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் சேர்ந்து இந்தியக் கடற்படைக்குப் போனார். டெல்லி ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றார். 1971 போரில் ஐஎன்எஸ் குக்ரி கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்த பிறகு, நீர்மூழ்கிகளை ஒலியால் கண்டறியும் கடற்படையின் சோனார் கருவிகளை மேம்படுத்தும் பணி அவரிடம் வந்தது. பின்னர் அப்சோ என்ற உள்நாட்டுச் சோனாரை உருவாக்கிய குழுவை வழிநடத்தினார். கடலுக்கடியில் ஒலி பல பாதைகளில் சிதறி வருவதோடு ஆண்டுக்கணக்கில் மல்லாடிய மனிதர் அவர்.

1991-ல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அருகருகே உள்ள இரண்டு ஒலிபரப்பிகளின் சிக்னல்களைப் பிரித்தெடுக்கும் ஆய்வில் இருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது: வழியில் அலைகள் சிதறினால் பிரிப்பது எளிதாகிறது. அதாவது, ஒவ்வோர் ஆன்டெனாவிலிருந்து புறப்படும் அலையும் சுவர்களில் மோதி மோதித் தனக்கென்று ஒரு தடத்தைப் பதித்துக்கொண்டு வருகிறது. அந்தத் தடத்தை அறிந்த ஏற்பி, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் வந்த பல செய்திகளைத் தனித்தனியே பிரித்துவிடும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-ல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1994-ல் கிடைத்தது. இன்று மைமோ என்று அழைக்கப்படுவது இதுதான். தொடக்கத்தில் நம்ப மறுத்தவர்கள் பலர். 2009-ல் வெளியான வைஃபை தரத்திலும் அடுத்து வந்த 4ஜி, 5ஜியிலும் அது அடித்தளமாக இருக்கிறது. 2014-ல் மார்க்கோனி பரிசு அவருக்குக் கிடைத்தது.

மொன்ட்ரியால்-நோரின் செங்கல் தெருக்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். அழைப்பைக் கெடுக்கும் அதே சுவர்கள், மைமோ கைப்பேசிக்குத் தனித்தனிப் பாதைகளை அமைத்துத் தருகின்றன.

மலைச்சரிவுகளில் நடந்த ஆய்வு

பாதைகள் எத்தனை இருந்தாலும் செய்தியின் துணுக்குகளான பிட்டுகளில் சில சேதமாகவே செய்யும். அவற்றைத் திருத்துவதற்குக் குறியீடுகள் உண்டு. செய்தியோடு கணக்கிட்டுச் சில கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்பினால், சேதமானதை ஏற்பி தானே மீட்டுக்கொள்ளும். இது முடியும் என்று 1948-ல் நிறுவியவர் கிளாட் ஷானன். மங்கல் வரும்போது அடுத்தடுத்த பிட்டுகள் கும்பலாகப் போய்விடும் என்பதால், அனுப்பும் முன்பே வரிசையைக் கலைத்துப் பரப்பிவிடுகிறார்கள். இழப்பும் பரவிவிடுவதால் திருத்த முடிகிறது.

இந்தத் துறையில் மொன்ட்ரியாலுக்குச் சொந்தப் பங்கு உண்டு. ரோயால் மலையின் வடசரிவில் உள்ள பொலிடெக்னிக் பொறியியல் கல்லூரியில் டேவிட் ஹக்கூன், கூடுதல் பிட்டுகளில் சிலவற்றைக் கணக்காக விட்டுவிட்டுக் குறைந்த செலவில் திருத்தும் குறியீடுகளை ஆராய்ந்தார். தென்சரிவில் மக்கில் பல்கலைக்கழகம். துருக்கியின் எர்டால் அரிகான் 2009-ல் வெளியிட்ட போலார் குறியீடு கோட்பாட்டில் அழகானது. ஆனால் பிட் பிட்டாக அவிழ்க்க வேண்டியிருந்ததால் மெதுவாக இயங்கியது. மக்கிலில் வாரன் கிராஸின் குழு, மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து 2014-ல் வெளியிட்ட வடிவமைப்பு நொடிக்கு ஒரு கிகாபிட் என்ற வேகத்தை எட்டியது. இன்று 5ஜியில் கோபுரமும் கைப்பேசியும் தமக்குள் பேசிக்கொள்ளும் கட்டுப்பாட்டுச் செய்திகளைப் போலார் குறியீடுதான் காக்கிறது.

கீழ்வீட்டுக்கும் உரிமை உண்டு

வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியவை சில உண்டு. குளிர்காப்பு ஜன்னல்களின் கண்ணாடியில் உள்ள மெல்லிய உலோகப் பூச்சு, வெப்பத்தோடு அலையையும் தடுக்கும்; அப்படிப்பட்ட ஜன்னல் அருகே நின்று பலன் இல்லை என்றால் கதவோரத்துக்கு வாருங்கள். அழைப்பு உடையும்போது ஒரு சாண் நகர்ந்து பாருங்கள். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வந்துவிடலாம். வீட்டில் இணையம் இருந்தால் வைஃபை வழியே அழைக்கும் வசதியை இயக்கி வையுங்கள். அதுவும் இன்னொரு பாதைதானே.

ஆனால் பாரம் முழுவதையும் குடியிருப்பவர் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. மொன்ட்ரியால் மெட்ரோவின் சுரங்கங்களில் ஒருகாலத்தில் சிக்னல் நுழையவே இல்லை. நான்கு தொலைபேசி நிறுவனங்கள் சேர்ந்து, நெடுகிலும் அலையைக் கசியவிடும் கேபிளைச் சுரங்கங்களில் இழுத்தன; 2020-ல் 68 நிலையங்களிலும் பணி முடிந்தது. முதலீடும் முடிவும் இருந்தால் நிலத்தடியிலும் குரல் கேட்கும் என்பதற்கு அதுவே சான்று. சேவைப் பரப்பைத் தெருவில் அளந்து வரைபடத்தில் வண்ணம் பூசுவதோடு நிறுத்தாமல், பாதி நிலத்தடியில் இருக்கும் வீடுகளுக்குள்ளும் அளக்க வேண்டும். மங்கலை வெல்லும் அறிவு பொள்ளாச்சியிலிருந்து மக்கில் வரை பலருடைய உழைப்பில் திரண்டிருக்கிறது. அந்த அறிவின் பலன், வாடகை குறைந்த வீட்டில் இருந்து 911-ஐ அழைப்பவருக்கும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும்.

அடுத்த வாரம்: ஒரே அலைவரிசையை ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்வது எப்படி?

(தொடரும்)