அணி மறுகட்டமைப்பு (விளையாட்டு)

அணி மறுகட்டமைப்பு என்பது, தொழில்முறை விளையாட்டு அணியொன்று உடனடி வெற்றியை ஓரளவு விட்டுக்கொடுத்து, மூத்த வீரர்களின் இடத்தில் இளையோரைச் சேர்த்து, வருங்காலத்திற்கான அணியை உருவாக்குவதைக் குறிக்கும். எப்போது மறுகட்டமைப்பது, எப்போது கோப்பைக்குப் போட்டியிடுவது என்பதை அணியின் விருப்பத்தைவிடத் தொடரின் விதிகளே பெரிதும் தீர்மானிக்கின்றன.

அடிபந்தாட்டத்தில்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் தொடரில், புதிய வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பின்தங்கிய அணிகளுக்கே வழங்கப்பட்டது. ஆகவே அங்கு தோல்விக்கும் பயன் இருந்தது. 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2011இல் 106, 2012இல் 107, 2013இல் 111 ஆட்டங்களில் தோற்றது. 2012இல் முதல் தேர்வாகப் பெற்ற கார்லோஸ் கொரேயா, 2017இல் உலகத் தொடரை வென்ற அணியில் இடம்பெற்றார். ஆனால் 2013இன் முதல் தேர்வான மார்க் அப்பெல் அவ்வணிக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை. தோற்பதே உத்தியாவதைத் தடுக்க, 2022 டிசம்பர் முதல் முதலாறு இடங்கள் குலுக்கல் முறையில் வழங்கப்படுகின்றன.

இந்தியன் பிரீமியர் லீக்கில்

இத்துடுப்பாட்டத் தொடரில் வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுகின்றனர். செலவு வரம்பு எல்லா அணிகளுக்கும் ஒன்றே. கடைசி இடம் பெற்ற அணிக்குச் சலுகை ஏதுமில்லை. மேலும் 2011, 2014, 2018, 2022, 2025 ஆகிய பருவங்களுக்கு முன் நடந்த மெகா ஏலங்களில், தக்கவைத்த சிலரைத் தவிர ஏனையோரை அணிகள் விடுவிக்க வேண்டியிருந்தது. இவ்வாறு வளர்த்தெடுத்த இளைஞர் வேறு அணிக்குப் போய்விடக்கூடும் என்பதால், பொறுமைக்குக் கிடைக்கும் பலன் இங்கு குறைவு.

இதனை நன்கு பயன்படுத்திக்கொண்ட அணி சென்னை சூப்பர் கிங்ஸ் எனலாம். ஈராண்டுத் தடைக்குப் பின் 2018இல் திரும்பிய அவ்வணி, முப்பது வயதைக் கடந்த பலரை எடுத்துக் கேலிக்குள்ளானது. எனினும் இறுதியாட்டத்தில் 36 வயதான ஷேன் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் குவிக்க, கோப்பை கிட்டியது. அடுத்த ஆண்டு ஒரே ஓட்டத்தில் கோப்பை நழுவியது.

2020இல் அணி ஏழாம் இடத்திற்குச் சரிந்தது. ஆயினும் முழு அணியும் கலைக்கப்படவில்லை. பருவ இறுதியில் தொடர்ந்து மூன்று அரைச்சதங்கள் அடித்த ருதுராஜ் கெய்க்வாட், பாப் டு பிளெசியுடன் தொடக்க மட்டையாளராக நிலைபெற்றார். 2021இல் கெய்க்வாட் 635, டு பிளெசி 633 ஓட்டங்கள் எடுக்க, அணி மீண்டும் வென்றது. மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர் என்ற இந்த இணையே சமநிலைக்குத் தகுந்த எடுத்துக்காட்டாகும். 2022இல் ஒன்பதாம் இடம், 2023இல் ஐந்தாவது கோப்பை.

2025இல் இவ்வழி பலிக்கவில்லை. கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் விலக, 43 வயதான மகேந்திரசிங் தோனி மீண்டும் தலைமையேற்றார். 14 ஆட்டங்களில் 4 வெற்றிகளே பெற்ற அணி, முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடிந்தது. பருவத்தின் நடுவில்தான் 17 வயது ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் பட்டேல் ஆகியோர் அழைக்கப்பட்டனர். ஏலத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. அதே ஆண்டு நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் அணிக்கு மாற்றப்பட்டு, சஞ்சு சாம்சன் பெறப்பட்டார். டிசம்பர் ஏலத்தில், இந்தியாவுக்காக ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இருவரும் தலா 14.20 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டனர்.