தொண்டையில் தொடங்கும் வால்வு நோய்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் படுத்தால் இருமல் வருகிறது என்று முப்பது வயதுப் பெண் ஒருத்தி சொன்னால், "ரத்தம் கம்மியா இருக்கும், கீரை சாப்பிடு" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ரத்தசோகையும் இருக்கலாம். ஆனால் அதற்கு மருந்து சாப்பிட்டும் மூச்சிரைப்பு அடங்கவில்லை என்றால் இதய வால்வைப் பார்த்தே ஆக வேண்டும்.

வால்வு என்ன செய்கிறது?

இதயத்தில் நான்கு வால்வுகள். ரத்தத்தை முன்னே போகவிட்டு, திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழிக் கதவுகள் அவை. நோய் வந்தால் வால்வு சரியாகத் திறக்காமல் சுருங்கும். அல்லது சரியாக மூடாமல் கசியும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். முதியவர்களுக்குச் சுண்ணாம்பு படிந்து அயோர்டிக் வால்வு இறுகுவது தனி வகை. நடக்கும்போது நெஞ்சு வலி, மயக்கம் என்று அது காட்டிக்கொடுக்கும்.

பள்ளி வயதுக் காய்ச்சல்

நம் நாட்டில் இளவயதினரின் வால்வைக் கெடுப்பதில் முதலிடம் ருமாட்டிக் காய்ச்சலுக்கு. 5 முதல் 15 வயதுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வரும், போகும். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால் வீங்கும். அது சரியாகி அடுத்து கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறும். கிருமியை எதிர்க்க உடல் தயாரித்த எதிர்ப்புச் சக்தி, மூட்டையும் வால்வையும் சேர்த்துத் தாக்குவதன் விளைவு இது. மூட்டு முழுதாகக் குணமாகிவிடும். வால்வில் விழுந்த தழும்போ ஆண்டுக்கணக்கில் இறுகும். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய மைட்ரல் வால்வு 1.5-க்குக் கீழே சுருங்கினால் நோய் தீவிரம் என்று பொருள்.

பல பெண்களுக்கு இது கர்ப்ப காலத்தில்தான் தெரியவருகிறது. அப்போது உடலில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. குறுகிய வால்வு அதைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கும். தாயின் உயிருக்கே ஆபத்தான இந்த நிலையை, முன்கூட்டியே ஒரு எக்கோ பரிசோதனை காட்டிவிடும். வலியில்லாத பரிசோதனை அது.

பலூனா, புது வால்வா?

மாத்திரைகள் மூச்சிரைப்பைக் குறைக்கும், படபடப்பை அடக்கும். சுருங்கிய வால்வை விரிக்காது. மைட்ரல் சுருக்கத்துக்கு, தொடையிலுள்ள சிரை வழியே பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கும் முறையை ஜப்பானிய நிபுணர் கான்ஜி இனோவே 1982-இல் தொடங்கினார். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. கசிவு அதிகமாக இருந்தாலோ, இதய அறைக்குள் ரத்தக்கட்டி இருந்தாலோ பலூன் உதவாது.

அப்போது வால்வைச் சீரமைக்க வேண்டும். முடியாவிட்டால் மாற்ற வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990-இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இத்தகைய உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். விலங்குத் திசு வால்வுக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டாயம் இல்லை. 10, 15 ஆண்டுகளில் தேய்ந்துவிடும், இளையவர்களுக்கு இன்னும் சீக்கிரம். முதியவர்களின் அயோர்டிக் வால்வைத் தொடை வழியாகவே மாற்றும் முறை 2002-இல் பிரான்சில் தொடங்கி இங்கும் வந்துவிட்டது, செலவுதான் அதிகம்.

உலோக வால்வு வைத்தவர்கள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம். இந்த மாத்திரை சாப்பிடுகிறோமே என்று கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும். வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கக் கூடாது. கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் அதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் சில, கருவைப் பாதிக்கும்.

21 நாள் ஊசி

ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்த பிள்ளைக்கு மறுபடி வரக்கூடும், ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் கெடலாம். அதைத் தடுக்க 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுகிறார்கள். வால்வு பாதித்தவர்களுக்கு இது 40 வயது வரைகூடத் தேவைப்படலாம்; பலூன் சிகிச்சையோ அறுவைச் சிகிச்சையோ முடிந்த பிறகும் தொடர வேண்டும். ஊசி வலிக்கிறது, பள்ளிக்கு விடுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது என்று பாதியில் நிறுத்தும் குடும்பங்கள் ஏராளம். உங்கள் பிள்ளைக்கு ஊசித் தேதி கடந்திருந்தால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் நாளையே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.