மேடையில் ஒரு டப்பா, சரக்கறையில் ஒரு சீட்டு

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டன. விமானங்கள் தரையிலேயே நின்றன, மருத்துவமனைகள் திணறின. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்புதான் காரணம். கணினிகளின் டிஸ்க் கெடவில்லை, உள்ளே இருந்த ஆவணங்களும் அப்படியே இருந்தன. சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் தயாராக இருந்தும் சமையற்கட்டின் கதவே திறக்காத மாதிரி.

அந்தச் சமையற்கட்டுக்குள் போய்ப் பார்க்கலாம். நடுத்தர மெஸ் ஒன்று என்று வையுங்கள். நாம் எழுதிய கடிதமும் எடுத்த படங்களும் சமைத்து இறக்கிய பதார்த்தங்கள். சமையலுக்கு வேண்டிய தூள் டப்பாக்கள் அடுப்பு மேடையில், கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நிற்கின்றன. அந்த மேடைதான் சிஸ்டம்32 ஃபோல்டர். எந்த அடுப்பு, எந்த டப்பா, எவ்வளவு அளவு என்று மாஸ்டர் எழுதிவைத்திருக்கும் நோட்டு, ரெஜிஸ்ட்ரி. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் ஒரு டப்பாவில் பாதி பழைய தூளும் பாதி புதுத் தூளுமாக நின்றுவிடலாம். நோட்டில் ஒரு பக்கம் கிழிந்தாலும் சமையல் தொடங்காது.

இதற்காகத்தான் பின்பக்கம் சரக்கறை ஒன்று உண்டு. அதன் பெயர் வின்எஸ்எக்ஸ்எஸ். சிஸ்டம் ஃபைல் செக்கரை ஓடவிட்டால், அது மேடையிலுள்ள ஒவ்வொரு டப்பாவையும் சோதித்து, முத்திரை பொருந்தாததை எடுத்துவிட்டுச் சரக்கறையிலிருந்து நல்லதை வைக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு: பெரும்பாலான கோப்புகளுக்கு மேடையில் ஒன்று, சரக்கறையில் ஒன்று என்று இரண்டு டப்பா கிடையாது. டப்பா ஒன்றுதான். அதற்கு இரண்டு இடத்திலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு. மேடையில் யாரோ வேறு டப்பாவை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றால் சரக்கறைச் சீட்டு கைகொடுக்கும். டப்பாவுக்குள்ளேயே ஈரம் இறங்கிவிட்டால் இரண்டு சீட்டும் ஒரே கெட்ட தூளைத்தான் காட்டும். செக்கர் ‘சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை’ என்று கைவிரிப்பது பெரும்பாலும் இதனால்தான். அப்போது டிஸ்ம் என்ற கருவியை முதலில் ஓட்ட வேண்டும். அது கடைக்கே போய், அதாவது விண்டோஸ் அப்டேட்டிடம் கேட்டு, சரக்கறையை நிரப்பும். அதன் பிறகு செக்கரை மறுபடி ஓட்டினால் பலன் உண்டு. இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம்.

நோட்டு கிழிந்தால்? 2000-இல் விண்டோஸ் எம்இ-யோடு வந்த சிஸ்டம் ரெஸ்டோர் அதற்குத்தான். ரெஸ்டோர் பாயின்ட் போடும்போது மொத்தச் சமையற்கட்டையும் படியெடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எழுதும் வேலைகளைச் சில விநாடி நிறுத்திவைத்து, ‘இந்த நிமிடம்’ என்று ஒரு கோடு மட்டும் கிழிக்கப்படும். அதற்குப் பிறகு எந்த டப்பாவிலாவது புதுத் தூள் கொட்டப் போனால், கொட்டுவதற்கு முன் பழையது 16 கிலோபைட் பொட்டலமாக ஓரத்தில் எடுத்துவைக்கப்படும். திரும்பிப் போகச் சொன்னால் அந்தப் பொட்டலங்களைப் பிரித்துப் பழைய நிலையைக் கூட்டிக் காட்டும். ஓரத்தில் இடம் நிறைந்தால் மிகப் பழைய பொட்டலங்கள்தான் முதலில் குப்பைக்குப் போகும்.

டப்பாக்களும் நோட்டும் பழைய நிலைக்குத் திரும்பும். சமைத்த பதார்த்தத்தை சிஸ்டம் ரெஸ்டோர் தொடாது. நேற்று அழித்த கல்யாண ஆல்பம் திரும்பி வராது. பொட்டலங்கள் இருப்பதும் அதே கட்டடத்தில்தான். டிஸ்க் போனால் சேர்ந்தே போகும். ரான்சம்வேர் கும்பல்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் தேடி அழிப்பவற்றில் இந்தப் பொட்டலங்களும் அடக்கம். ஆகவே இதை பேக்கப் என்று சொல்வதே எனக்குப் பிடிக்காது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் முழு இமேஜ் எடுத்து, எடுத்ததும் வயரைக் கழற்றி வைப்பதுதான் பேக்கப்.

சரி, கதவே திறக்காவிட்டால்? கொதிக்கிற அண்டாவை அடுப்பில் வைத்துக்கொண்டே அடுப்பை மாற்ற முடியாது. ஓடுகிற விண்டோஸ் தன் சில கோப்புகளைத் தானே மாற்ற முடியாததும் அதுபோலத்தான். அதற்காகக் கொல்லையில் ஒரு சின்ன அடுப்பு, டிஸ்க்கில் தனிப் பகுதியில், எப்போதும் இருக்கிறது: ரெக்கவரி சூழல். தொடர்ந்து இரண்டு முறை கணினி எழும்பத் தவறினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். அங்கிருந்து ரெஸ்டோர் பாயின்ட், இமேஜ், சேஃப் மோட் எதற்கும் போகலாம். கிரவுட்ஸ்ட்ரைக் நாளிலும் ஊழியர்கள் இப்படித்தான் நுழைந்து, அந்த ஒரு கோப்பை அழித்து, இயந்திரங்களை ஒவ்வொன்றாக எழுப்பினார்கள். கோப்பை அழிக்க ஒரு நிமிடம்தான் ஆனது. பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதி பூட்டிய கணினிகள் மட்டும் அதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டன. அது எங்கே எழுதிவைக்கப்பட்டிருந்தது? சில இடங்களில், அதே நீலத்திரையில் சிக்கியிருந்த சர்வருக்குள்.