வயிற்றுப் பிள்ளைக்கும் பங்கு உண்டு, தெரியுமா?

அப்பா இறந்தபோது அம்மாவுக்கு மூன்றாம் மாதம். அப்பா முகமே பார்க்காத அந்தப் பிள்ளைக்கும் அவர் நிலத்தில் பங்கு உண்டு! உயிரோடு பிறந்தால் போதும், அப்பா இறந்த நாள் முதலே அது வாரிசு என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லையென்றால் அம்மாவுக்கு என்ன பங்கோ, அதே பங்கு சிசுவுக்கும்!

இனி கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி நிலத்துக்கு அட்வான்ஸோடு அலையும் புரோக்கர்கள், கணவனை இழந்த பெண்ணிடம் சொல்வது இதுதான்: "மைனருக்கும் சேர்த்து நீங்களே கையெழுத்து போட்டுடுங்கம்மா, போதும்." பத்திரத்திலும் 'மைனருக்காக தாயாரும் கார்டியனுமான' என்று ஒரு வரி ஏறிவிடும்.

போதவே போதாது! மைனருக்கென்று வந்த நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ பெற்ற தாயானாலும் மாவட்ட நீதிமன்றத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அது இல்லாமல் ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்குக்கூட விட முடியாது! அனுமதி கேட்டாலும், பிள்ளைக்கு அது அவசியமா, கண்கூடான நன்மையா என்று பார்த்த பிறகுதான் நீதிபதி தலையசைப்பார். (பிரிக்காத கூட்டுக்குடும்பச் சொத்துக்கு விதி வேறு.)

மீறி விற்றால்? பிள்ளைக்கு 18 முடிந்த பிறகு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டு அந்தக் கிரயத்தையே ரத்து செய்யலாம். அந்த வழக்குகூட எல்லா நேரமும் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம், 2025 அக்டோபரில்! கர்நாடகத்தின் தாவணகெரேயில் மகன்கள் மைனராக இருந்தபோது அப்பா அனுமதியின்றி விற்ற மனை அது. மேஜரானதும் மகன்கள் அதையே வேறொருவருக்கு விற்றார்கள். அந்த விற்பனையே முதல் கிரயத்தை மறுத்ததாகும் என்று தீர்ப்பு வந்தது. விற்றது சித்தப்பாவோ தாய்மாமனோ என்றால் கேட்கவே வேண்டாம். கோர்ட் நியமிக்காத உறவினருக்கு அந்த அதிகாரமே கிடையாது.

அப்பா இருக்கும்போதே அம்மா கார்டியன் ஆக முடியுமா? 1984இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பெயரில் கடன்பத்திரம் வாங்கப் போனபோது, அப்பாவின் கையெழுத்தைக் கேட்டது ரிசர்வ் வங்கி. கோவையில் பிறந்த அவர் விடவில்லை. 1999இல் உச்ச நீதிமன்றம் தாய்க்கும் அந்த இடத்தைத் தந்தது!

தொழிற்சாலை விபத்தில் அப்பா இறந்தால்? இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தால் அது கணக்கிலேயே வராது, இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டமே எழுதிவைத்தது. பிள்ளையின் பங்கை அதன் நன்மைக்காக முதலீடு செய்யும் அதிகாரத்தையும் அந்தச் சட்டம் ஆணையருக்குக் கொடுத்தது. வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு உறையில் பணம் நீட்டும் ஒப்பந்தக்காரர்களை நினைத்தால் இந்த விதியின் அருமை புரியும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் நிலம் வாங்கப் போகிறீர்களா? வாரிசு சான்றிதழில் வயதுகளைப் பாருங்கள். நீங்கள் அந்தத் தாயா? வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்ட உதவி இலவசம். கையெழுத்துப் போடும் முன் 15100க்கு ஒரு போன் போடுங்கள்.