நகரும் அழுத்தம்

பிரெஞ்சு மொழியில் அழுத்தம் தனிச் சொல்லுக்கு உரியது அன்று, தொடருக்கு உரியது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அதன் ஓசை பாதி வசப்பட்டுவிடும்.

'ஷா' என்றால் பூனை. 'அன் ஷா', அதாவது ஒரு பூனை என்று சொல்லி நிறுத்தினால் 'ஷா' அழுத்தம் பெறும். ஒரு கறுப்புப் பூனை என்று சொல்ல 'அன் ஷா நுவார்' என்று நீட்டுங்கள். அழுத்தம் 'நுவார்' மேல் போய்விடும், 'ஷா' சாதாரண அசையாகிவிடும். ஒரே வீச்சில் சொல்லும் தொடரின் கடைசி அசைக்கே அழுத்தம். அதுவும் ஓங்கிச் சொல்வதால் அல்ல, பெரும்பாலும் சற்று நீட்டுவதால் வருகிறது.

ஏன் கடைசி அசை? காரணம் லத்தீனில் இருக்கிறது. நண்பனைக் குறிக்கும் 'அமீக்கும்' என்ற லத்தீன் சொல்லில் அழுத்தம் 'மீ' மேல். நூற்றாண்டுகளின் புழக்கத்தில் அழுத்தத்துக்குப் பின்னால் இருந்தவை தேய்ந்து உதிர்ந்தன, 'அமி' மிஞ்சியது. 'தாபுலா' போன்ற சொற்களின் ஈற்று 'ஆ' மட்டும் மெலிந்த 'எ' ஆக எழுத்தில் தங்கியது. பாரிஸ் பேச்சில் அது பெரும்பாலும் ஒலிப்பதில்லை. ரசீனின் நாடக வரிகளிலோ அடுத்து மெய் வந்தால் அதையும் ஓர் அசையாக எண்ணித்தான் வரிக்கு 12 அசை கணக்காகும்.

அசை பிரிப்பதில் நமக்குப் பழகிய வழிதான். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை மெய் பின்னதோடு சேரும்: பா-ரி. இரண்டு மெய் வந்தால் பிரியும்: பார்-தீர். இரண்டாவது ர, ல ஆக இருந்தால் பெரும்பாலும் பிரியாமல் சேர்ந்தே போகும்: பா-த்ரோன். எனக்கு மிகவும் பிடித்தது, இந்த விதி சொல்லின் எல்லையையும் தாண்டுவது. 'அவன் இல்லை' நம் வாயில் 'அவனில்லை' ஆவதைப் போல, 'அவெக் எல்' (அவளோடு) அங்கே 'அ-வெ-கெல்' ஆகிறது. பன்மைப் பெயருக்கு முன் வரும் 'லெ' என்பதன் முடிவில் எழுதியும் ஒலிக்காத ஸகரம், 'அமி' பின்னால் வந்ததும் உயிர்பெற்று, அதிர்வோடு 'லெ-ஸா-மி' என ஒலிக்கிறது.

பிரெஞ்சுக்காரரின் காது இந்த அசைகளையே அலகாகக் கொள்கிறது என்பதை உளவியலாளர் ஜாக் மெலேர் குழுவினர் 1981-இல் சோதித்துக் காட்டினர். 'பா-லாஸ்', 'பால்-மியே' இரண்டின் தொடக்க ஒலிகளும் ஒன்றே. ஆனாலும் 'பா'வை முதல் சொல்லிலும், 'பால்' என்பதை இரண்டாவதிலும் கேட்டவர்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள்.

1997-இல் எம்மானுவேல் துப்பூவும் மெலேர் உள்ளிட்டோரும் வேறொரு சோதனை செய்தார்கள். ஒலிகள் மாறாமல் அழுத்தத்தின் இடம் மட்டும் மாறிய, பொருளற்ற சொற்களைக் கேட்கவைத்தனர். ஸ்பானிய மொழியினர் எளிதில் வேறுபடுத்தினார்கள். பிரெஞ்சு மொழியினர் தடுமாறினார்கள். அழுத்தத்தை மாற்றிச் சொல்லின் பொருளை மாற்றும் வழக்கமே அவர்கள் மொழியில் இல்லாததால், அதை நினைவில் இருத்தும் பழக்கம் அந்தக் காதுகளுக்கு அமையவில்லை.